ஒத்துப்போகாத வலது திரை

புதன்கிழமை காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு சேலை. ஒரே சேலையின் ஒரே படம் – இரண்டு கம்ப்யூட்டர் திரைகளில், இரண்டு நிறங்களில். இடது திரையில் அரக்கு. வலது திரையில் நாவற்பழம்.

இரண்டு திரைகளும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஐந்து வருடத்துக்கு முன் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. இடது என்னுடையது. வலது என் மனைவி வசந்தாவுடையது. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலத்தில் வீட்டிலிருந்தபடியே அவள் கணக்குப் பாடம் நடத்தியது அதில்தான்.

மகளின் பிரசவத்துக்கு ‘மூணே மாசம்’ என்று பெங்களூருக்குப் போனாள். பேத்தி இப்போது எல்.கே.ஜி. அன்றிலிருந்து வலது திரை துணி போர்த்தியபடி உட்கார்ந்திருந்தது.

அதை ஏன் எழுப்பினேன்? முந்தின நாள் சாயங்காலம் ஜெயந்தி போன் செய்திருந்தார்.

ஜெயந்தி, சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைகளை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்பவர். படம் எடுப்பது அவர். படத்தில் உள்ள நிறத்தைச் சேலையின் நிறத்துக்குக் கொண்டுவருவது நான். பத்திரிகையில் முப்பது வருடம் பக்கம் வடிவமைத்தவனுக்கு ஓய்வுக்குப் பின் வாய்த்த வேலை இது. புதன்கிழமைதோறும் சேலைகளோடு பஸ் ஏறி வருவார். என் வீட்டு அழைப்பு மணியை வாரம் தவறாமல் அழுத்துகிற ஒரே ஆள் அவர்தான்.

“அண்ணே, சேலத்துக் கல்யாண வீட்டுக்கு சாம்பிள் அனுப்புனோம்ல, அந்தச் சேலை திரும்பி வந்துருச்சு” என்றார். “படத்துல நாவப்பழக் கலரு, வந்தது அரக்கு, எத நம்புறதுங்கிறாங்க. பதினெட்டுச் சேலைண்ணே! நாளைக்கு மதியம் பன்னெண்டுக்குள்ள சரியான படம் வரலேன்னா வேற ஆளப் பாத்துக்கிறோம்னுட்டாங்க.”

அரக்குச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்தப் படத்தைத் திருத்தியிருந்தேன். என் திரையில் அரக்காகத்தான் இருந்தது. ஒரு சந்தேகத்துக்கு, பக்கத்துத் திரையிலும் பார்த்துவிடுவோமே என்றுதான் காலையில் துணியை எடுத்தேன்.

இரண்டும் இரண்டு நிறம் என்றால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வலதுதான் கோளாறு. மூன்று வருடத்துக்கு மேல் சும்மா கிடந்தது... கெட்டுப்போயிருக்கும்.

அச்சுக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. முதலில் சரியாக வந்த தாளில் கையெழுத்துப் போட்டு மிஷின் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். பின்னால் வருகிற ஒவ்வொரு தாளையும் அதோடு ஒப்பிட வேண்டும். அன்று காலை என் இடது திரையைத்தான் கையெழுத்துப் போட்ட தாளாக வைத்துக்கொண்டேன். கையெழுத்தும் என்னுடையதே.

வலது திரையின் பட்டன்களை அழுத்தி, நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். வெளிச்சத்தைக் குறைத்தேன். பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். எழுந்துபோய் காபி போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன். ஒன்றாக இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. “செத்த இங்க வந்து பாரு, ரெண்டும் ஒண்ணா இருக்கா?” – இந்த ஒரு கேள்வியைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஒரே கண் இரண்டு முறை பார்த்தால் அது இரண்டாவது பார்வை ஆகிவிடாது. பத்திரிகையில் எனக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

ஒன்பது மணிக்கு இரண்டு திரைகளும் அரக்கு காட்டின. திருப்தியாக இருந்தது. சாட்சிகள் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள் அல்லவா?

பதினொரு மணிக்கு ஜெயந்தி வந்தார். திரும்பி வந்த சேலையைப் பிரித்து இரண்டு திரைகளுக்கும் நடுவில் பிடித்தார்.

“ரெண்டுலயும் சரியாத்தான் இருக்கு.”

“அதான் சொன்னேன். அவங்க போன்லதான் ஏதோ கோளாறு.”

“என் போன்லயுமாண்ணே?”

தன் போனில் அதே படத்தைத் திறந்து நீட்டினார். நாவற்பழம்.

இத்தனை நாளில் நீங்கள் ஒரு தடவைகூடப் போனில் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டரிலிருந்தே அவருக்கு அனுப்பிவிடுவது வழக்கம். என் போனுக்கு யார் சேலைப் படம் அனுப்புகிறார்கள்?

வலது திரையில் ‘ரீசெட்’ பட்டனைத் தேடி அழுத்தினேன். நொடியில் காலையில் பார்த்த நிறத்துக்குத் திரும்பியது. ஜெயந்தியின் போனும் வலது திரையும் இப்போது ஒரே நாவற்பழம். காலையில் வலதைத் திருகி அரக்காக்கியதைச் சொன்னேன்.

“ஏண்ணே, அந்த டிவி காலைலயே உண்மையத்தானே சொல்லிருக்கு? அதப்போயி திருகிவிட்டீங்களே!” ஜெயந்தி எல்லாத் திரையையும் டிவி என்றுதான் சொல்வார்.

உண்மைதான். மஞ்சளடித்துப் போயிருந்தது என் திரை. அரக்கு அதில் செங்கல்லாகத் தெரிந்திருக்கிறது. நான் நீலத்தைச் சேர்த்துச் சேர்த்து, என் கண்ணுக்கு அரக்காக்கி, ஊருக்கு நாவற்பழமாக அனுப்பியிருக்கிறேன். தினமும் பார்க்கிற திரை ஒரு நாளில் மஞ்சளாவதில்லை. அதோடு சேர்ந்து கண்ணும் பழகிக்கொள்கிறது. இல்லை என்று சொல்ல ஓர் ஆள் வீட்டில் இருந்தது – அதையும் இரண்டு மணி நேரம் திருகி, ஆமாம் போட வைத்துவிட்டேன்.

மணி பதினொன்று இருபது. படத்தை வலது திரைக்கு இழுத்தேன். ஜெயந்தி வசந்தாவின் நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் சேலையைப் பிடித்துக்கொண்டார்.

“நீலத்த எடுங்க... இன்னும்... இன்னும் செத்த எடுங்க... போதும். அட, போதும்ணே! செங்கச் சூளைக்கே போயிருவீங்க போல.”

மூன்று வருடத்தில் அந்த மேஜையில் இரண்டு பேர் உட்கார்ந்தது அன்றுதான்.

பதினொன்று நாற்பத்தெட்டுக்குப் படம் சேலத்துக்குப் போனது. ஜெயந்தி போனை மேஜை மேல் வைத்துவிட்டுச் சேலையை மடித்தார். பிரித்து மறுபடியும் மடித்தார். பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது. சத்தமாகப் படித்தார்: “இதுதான் கையில் வந்த நிறம். இந்த அரக்கே எங்களுக்குப் பிடித்திருக்கிறது. பதினெட்டையும் அனுப்பிவிடுங்கள்.”

“காபி போடட்டுமா?”

“ஐயோ, இன்னைக்கே பார்சல் கட்டணும்ணே.” செருப்பை மாட்டியவர் வாசலில் நின்றார். “அண்ணே, அதான் டிவி சரியாயிருச்சுல்ல? இனிமே படத்த மட்டும் போன்ல அனுப்பிவிட்டுரவா? இம்புட்டு மூட்டையத் தூக்கிட்டு பஸ்ல வாரது சங்கட்டமா இருக்கு.”

சேலை கையில் இல்லாமல் நிறம் சரியாக வராது என்றேன். அதில் பாதி உண்மை.

“பாக்குறேண்ணே, வாரேன்” என்று படியிறங்கிப் போனார்.

பெங்களூருக்குப் போன் போட்டேன். வசந்தா எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“உங்க திரை மஞ்சளா இருக்குன்னு நான் கெளம்புறதுக்கு முன்னாடியே சொன்னேன். கலரு விஷயத்துல எனக்கே பாடமான்னு கேட்டீங்க.”

“கேட்டேனா?”

“கேட்டீங்க. சரி, இப்ப எதுல வேல பாக்குறீங்க?”

“உன்னோடதுல.”

அவளுக்குப் பின்னால் பேத்தி எதற்கோ அழும் சத்தம் கேட்டது.

“இவளுக்குச் சோறு ஊட்டணுங்க. செத்த நேரங் கழிச்சுக் கூப்பிடுறேன்.”

போனை வைத்துவிட்டு நாற்காலியை வலது பக்கம் நகர்த்திப் போட்டேன். எரிந்து எரிந்துதான் திரை மஞ்சளாகும். இந்த மாடலில், எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று திரையே கணக்கு வைத்துக்கொள்ளும். பட்டனை அழுத்தினால் காட்டும். இரண்டிலும் அழுத்திப் பார்த்தேன்.

இடது திரை 19,480 மணி நேரம். வலது திரை 2,115.