கொழுக்கட்டைப் புல்லின் முள்ளுப் பங்காளி

தணிகைவேலுக்குப் புல் என்றால் புல்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் அவருக்கு கிரைண்டிங் வேலை. இரும்பில் எங்கே மேடு, எங்கே பிசிறு என்று மிஷின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் தரையில் முளைத்திருப்பது அருகா, கோரையா என்று கேட்டால், “எல்லாம் பச்சையாத்தான கீது” என்பார். அந்த விவகாரமெல்லாம் அவர் மனைவி திலகவதியின் இலாகா.

திலகவதிக்கு ரோசி என்றால் உயிர். ரோசி, அவர்கள் வீட்டுப் பசு. பக்கத்துத் தெரு சாராளிடம் கன்றாக வாங்கியது. பேரை மாற்றினால் கோபித்துக்கொள்ளும் என்று சாராள் வைத்த பேரையே திலகவதியும் வைத்துக்கொண்டாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வீட்டில் அதிகம் கொஞ்சலும் அதிகம் திட்டும் வாங்கியது ரோசிதான். இரண்டிலும் அடுத்த இடம் தணிகைவேலுக்கு.

மழை விட்ட கையோடு திலகவதிக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் போனது, மூட்டுவலி போகவில்லை. விரல்கள் வீங்கி மடக்கவே வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா ரோசி கன்று போட வேண்டும்! போட்டது. ஆர்.கே.பேட்டையில் நெல் பயிரிடும் தம்பி பூவராகவன் சேதி கேட்டுப் போன் செய்தான்.

“அக்கா, உன்னால இனிமே ஆவாது. மாட்டயும் கன்னுக்குட்டியயும் நான் இட்டாந்து வெச்சிக்கறேன். ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துக்கினு வரேன்.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த திலகவதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தணிகைவேலுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. போனைப் பிடுங்கினார்.

“ஏன், நான் இன்னா செத்தா பூட்டேன்? நான் பாத்துக்கறேன். மாடு எங்கயும் போவாது.”

“சரி மாமா, வந்து பாக்கறேன். மாடு நல்லா இருந்துச்சின்னா விட்டுட்டுப் போறேன்” என்றான் மைத்துனன்.

வாய் வீரம் காட்டியாகிவிட்டது, புல்லுக்கு எங்கே போவது? திலகவதி படுத்தபடியே வழி சொன்னாள். லாரிகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால், கம்பெனி காம்பவுண்டு ஓரம் மணலில் கொழுக்கட்டைப் புல் இருக்கும். கதிர் அணில் வால் மாதிரி. கதிரைக் கைக்குள் பிடித்துக் கீழிருந்து மேலாக உருவினால் வழுக்கிக்கொண்டு வரணும், குத்தினால் விட்டுவிடணும். மனிதர் தலையை ஆட்டிக்கொண்டு போய், ஷிப்ட் முடிந்ததும் ஒரு பெரிய கட்டு அறுத்து வந்தார். பெருமை தாங்கவில்லை.

ரோசி முதலில் தின்றது. பிறகு முகத்தைத் திருப்பியது. அதற்குப் பிறகு வாயிலிருந்து எச்சில் ஒழுக நின்றது. கன்று மடியை முட்டி முட்டிக் கத்தியது. குளம்பில் புண் வைக்கிற கோமாரி நோயோ என்று தணிகைவேல் பயந்தார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார், புண் இல்லை.

“நீ அறுத்தத ஒரு புடி கொண்டா” என்றாள் திலகவதி. மடங்காத விரலால் உருவ முடியாதே, கதிரைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். அடுத்த நொடி தூக்கி எறிந்தாள்.

“அட பாவி! இது முள்ளுக் கொழுக்கட்ட. பங்காளிங்க, பாக்க ஒண்ணாத்தான் இருக்கும். மாட்டு வாயெல்லாம் குத்திக் கிழிச்சிருக்கும்யா! உருவிப் பாக்கச் சொன்னனா இல்லியா?”

“உருவனேன்டி, வழுக்கிக்கினுதான் போச்சி.”

“எப்டிப் போவும்?”

“கிளவுஸ் போட்டுக்கினுதான் அறுத்தேன்.”

திலகவதி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பார்த்தாள். கம்பெனியில் சேஃப்டி, சேஃப்டி என்று தலையில் ஏற்றி ஏற்றி, புல் அறுக்கவும் தோல் கிளவுஸ் மாட்டிக்கொண்டு போகிற ஒரு மனிதர் அவளுக்கென்று வாய்த்திருக்கிறார்.

மறுநாள் கிளவுஸைக் கழற்றிவிட்டுப் போனார். கொண்டுவந்த புல்லில் பாதி முள்ளு. திலகவதிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“உருவனேன். ஒண்ணுமே தெரில” என்று கையை நீட்டினார் தணிகைவேல்.

அந்த உள்ளங்கையில் அவளே ஒரு முள்ளுக் கதிரை வைத்து அழுத்தி இழுத்தாள். அவர் முகம் மாறவில்லை. தோல் காய்த்து, செருப்பின் அடிப்பக்கம் போலிருந்தது.

“எப்ப இப்டி ஆச்சி?”

“யாருக்குத் தெரியும்? கொஞ்சம் கொஞ்சமா ஆயிருக்கும்.”

இத்தனை வருஷம் கூடவே இருந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று திலகவதிக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “கன்னத்துல தேச்சிப் பாரு” என்றாள்.

கன்னத்தில் தாடி. காலையில் முதல் வேலையாக வெங்கடேசன் சலூனில் போய் உட்கார்ந்தார்.

“இன்னா மாமே, பொண்ணு பாக்கப் போறியா?”

“புல்லு அறுக்கப் போறேன். மழமழன்னு எடு.”

வெங்கடேசன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

லாரி நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு புல்தூராகக் குனிந்து, கதிரைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து அறுத்தார். “இன்னா நைனா, புல்லுக்கு முத்தம் குடுக்கறியா?” என்று ஒரு சூளூர்ப்பேட்டை டிரைவர் கேட்டார். தணிகைவேல் நிமிரக்கூட இல்லை. மெத்தென்றால் அரிவாள், குத்தினால் அடுத்த தூர். வீட்டுக்கு வந்தால் ரோசியின் வாயை உப்புத்தண்ணீரில் கழுவி, கஞ்சி ஊற்றி, கெஞ்சினார். ரோசி கஞ்சியை மட்டும் குடித்தது. புல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூவராகவன் வண்டியோடு வந்து நின்றான். மாட்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

“இன்னா மாமா, எளைச்சிப் போச்சே?”

தணிகைவேல் புல்லுக்கட்டைப் பிரித்தார். அன்று அறுத்த புல்லில் ஒரு பிடி எடுத்து ரோசியின் முன்னால் நீட்டினார். ரோசி மோந்தது. ஒரு பெருமூச்சு விட்டது. திலகவதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரோசி நாக்கை நீட்டி ஒரு கதிரை இழுத்து, மென்றது. இன்னொன்றை இழுத்தது. பிறகு பிடி முழுவதையும் வாங்கிக்கொண்டது.

“இன்னிக்கி துன்னுது. நாளைக்கி மாமா டூட்டிக்குப் பூட்டா யாரு பாத்துக்குவாங்க? நீ சொல்லுக்கா” என்றான் பூவராகவன்.

திலகவதி புருஷன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கன்னமும் கீறிச் சிவந்து, அங்கங்கே பொருக்கு தட்டியிருந்தது.

“சாப்ட்டுட்டு வண்டிய எடுத்துக்கினு கெளம்புடா. என் மாட்டப் பாத்துக்க ஆளு கீது.”

சொல்லிவிட்டு மடங்காத விரல்களால் அந்தக் கன்னத்தைத் தடவினாள். மைத்துனன் முன்னால் தணிகைவேலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் முகத்தை நகர்த்தவில்லை.