சிஸுயே அக்காவின் குரல்

சிஸுயே அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஒசாகாவில் ஒரே சுற்றுலா பஸ் கம்பெனியில் நாங்கள் இருவரும் வழிகாட்டிகள். கோட்டை, சுமியோஷி கோயிலின் வளைந்த பாலம், தோத்தோன்போரி கால்வாய் என்று இருபத்தாறு வருஷமாக வெளியூர்க்காரர்களுக்கு இந்த நகரத்தைக் காட்டிவருகிறாள் அக்கா.

கோட்டை வாசலில் ஆக்டோபஸ் கல் என்று ஒரு பெரிய பாறை உண்டு. அதனருகே அவள் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதவர்களே கிடையாது.

"கோட்டையைக் கட்டின பிரபு மூச்சு வாங்க மாடி ஏறினாரு. உங்களுக்கு லிஃப்ட் இருக்கு. இப்ப சொல்லுங்க, யாரு பிரபு?"

முதல் ஒன்பது வருஷம் அவளுடைய பஸ்ஸை ஓட்டியவர் மிகாமி. வடக்கே, அஓமோரிக்காரர். தினமும் கேட்ட பேச்சுதான். ஆனாலும் கண்ணாடியில் அவளைப் பார்த்துத் தினமும் சிரிப்பார். அவருடைய அப்பா இறந்ததும் ஆப்பிள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஊருக்குக் கிளம்பினார்.

"நீயும் வந்துடு, சிஸுயே."

"அம்மா படுத்த படுக்கையா கிடக்காங்க. கொஞ்சம் பொறுங்களேன்."

அவளுடைய அம்மா ஆறு வருஷம் கிடந்தாள். மிகாமி மூன்று வருஷம் காத்திருந்தார். பிறகு அவருக்குக் கல்யாணம் என்று செய்தி வந்தது. மறுநாளும் அக்கா வழக்கம்போல பஸ் ஏறினாள்.

போன டிசம்பரில் அறுவடை முடிந்து அஓமோரி விவசாயிகள் இரண்டு பஸ் நிறைய வந்தார்கள். அன்று ஒரு பஸ் அவளுக்கு, இன்னொன்று எனக்கு. பட்டியலில் மிகாமி என்ற பெயரைப் பார்த்ததும் அக்கா கழுத்துத் துணியை இரண்டு முறை சரிசெய்தாள். ஆனால் கோட்டை வாசலில் அந்தப் பெயரில் இறங்கியது ஒரு பெண், சிவந்த கன்னங்களோடு.

"சிஸுயேங்கிறது நீங்கதானே? நான் மிகாமியோட சம்சாரம். ஏணிலேர்ந்து விழுந்து அவருக்கு இடுப்பு போயிடுச்சு. இவ்வளவு தூரம் உட்கார முடியாது."

"ஐயோ. இப்ப எப்படி இருக்காரு?"

"வாய் மட்டும் நல்லாத்தான் இருக்கு. டிவில ஒசாகாவைக் காட்டினாப் போதும், இந்த சிக்னல்ல அந்தப் பொண்ணு இதைச் சொல்லும், அந்தத் திருப்பத்துல அதைச் சொல்லும்னு ஆரம்பிச்சுடுவாரு. எனக்கே பாதி மனப்பாடம்." அவள் கைப்பேசியை நீட்டினாள். "ஆக்டோபஸ் கல்லுகிட்ட சொல்றதை இதுல சொல்லுங்க. அவர் கேட்கணும்னாரு."

அக்கா அவளையே பார்த்தாள். "உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"இருந்துச்சு. இருபது வயசுல," என்று அவள் சிரித்தாள். "சொல்லுங்க, குளிருது."

அக்கா ஆரம்பித்தாள். "கோட்டையைக் கட்டின பிரபு..." என்றதும் குரல் நின்றுவிட்டது. அவள் தடுமாறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு கடைசிவரை சொல்லி முடித்தாள்.

"தப்பாயிடுச்சு. அழிச்சுடுங்க, மறுபடி சொல்றேன்."

"வேண்டாம். இதுவே இருக்கட்டும்," என்று அந்தப் பெண் கைப்பேசியைக் கோட்டுக்குள் பத்திரப்படுத்தினாள்.

மிகாமியிடமிருந்து பதில் எதுவும் வரவில்லை. அக்காவும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் சொன்னாள். ஆனால் வடக்கிலிருந்து பஸ் வருகிறது என்றால் இப்போதெல்லாம் அரை மணி முன்னதாகவே ஆபீசுக்கு வந்து, பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கி, நின்றபடியே படிக்கிறாள்.