நெகட்டிவையும் கேட்டு வாங்கிய கலியாணம்

சென்ற வாரம் சாய்ந்தமருதில் ஒரு கலியாணம். உறவுக்காரப் பெண்களெல்லாம் மணப்பெண்ணைச் சுற்றி நில்லுங்கள் என்று படம் பிடிக்கிற பிள்ளை கூப்பிட்டாள். இப்போது பெண்களே பிடிக்கிறார்கள், நல்லதுதான். மணப்பெண்ணின் தலைக்கு அடித்த ஸ்பிரே வாசம் என் மூக்கில் ஏறியது. "சாச்சி, சிரிங்களன்" என்றாள் படம் பிடிக்கிற பிள்ளை. சிரித்தேன் என்றுதான் நினைத்தேன். படத்தில் பல்வலிக்காரி மாதிரி நிற்கிறேன்.

அந்த வாசம் என்னை மருதமுனையில் மாமாவின் வீட்டு நடு அறைக்குக் கொண்டுபோய்விடும். மாமாவின் மகள் மிஸ்ரியா எனக்கு மச்சி. அவளுடைய கலியாணத்தில் நான்தான் தோழி. தோழி என்றால் ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். சாரியில் குத்திய ஊசிகளோடு அசையாமல் நிற்க வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மணப்பெண்ணின் வியர்வையை ஒற்ற வேண்டும். கரண்ட் வேறு இல்லை. ஜெனரேட்டர் லைட்டை மட்டும்தான் தாங்கியது. அவளுடைய மேலுதட்டில் வியர்வை துளிர்க்கும். லேஞ்சியால் ஒற்றினால் பவுடரும் சேர்ந்து வந்துவிடும். அவள் என் முழங்கையைக் கிள்ளுவாள். "சிரிப்பு வருகுது புள்ள, என்னப் பாக்காத" என்பாள். பார்க்காமல் எப்படித் துடைப்பது?

படம் பிடித்தவர் கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருந்த பாண்டிருப்புக்காரர், சாதுவான மனிதர். அந்நிய ஆண் என்பதால் அவர் உள்ளே வந்ததும் மற்றப் பெண்கள் குசினிக்குள் போய்விட்டார்கள். வாசலில் மாமா காவல். வேலை முடிந்ததும் மாமா சொன்னார்:

"தம்பி, படத்தோட நெகட்டிவும் வரணும். எங்கட பொம்புளப் புள்ளைகள்ற மொகம் கடையில கிடக்கப்படாது. ஒண்டையும் ஒளிச்சி வைக்கப்படாது, சொல்லிட்டன்."

எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்டு வாங்குகிற வீடுகள் நிறைய இருந்தன. படங்கள் வந்த அன்று மாமா நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆல்பத்தோடு சேர்த்து அலுமாரியில் பூட்டினார்.

வீடு கடலுக்குப் பக்கத்தில். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த காலையில் மாமா சந்தைக்குப் போயிருந்தார். மிஸ்ரியாவின் புருஷன், நடக்கப் பழகியிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு மாவடிப்பள்ளியில் தன் உம்மா வீட்டுக்குப் போயிருந்தார். மிஸ்ரியாவும் அவளுடைய உம்மாவான என் மாமியும் வீட்டில் இருந்தார்கள். அலுமாரியும் வீட்டில்தான் இருந்தது. மாமா திரும்பி வந்தபோது அத்திவாரம் மட்டும் கிடந்தது. மாமியை அடக்கம் செய்தோம். மிஸ்ரியாவை எங்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அவளுடைய அடையாள அட்டைகூட மிஞ்சவில்லை.

மிஸ்ரியாவின் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் உம்மாவின் படத்தைக் கேட்க ஆரம்பித்தாள். ஸ்டூடியோக்காரர் சண்டைக் காலத்தில் கடையை மூடிவிட்டு எங்கோ போயிருந்தார். சண்டை முடிந்த பிறகு அக்கரைப்பற்றில் கடை போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் மாமா என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

விசயத்தைக் கேட்டதும் ஸ்டூடியோக்காரரின் முகம் வாடிவிட்டது. "நீங்க சொன்னபடி எல்லாத்தையும் தந்திட்டனே, காக்கா. ஒண்டும் வைக்கல்ல."

"தெரியும் தம்பி. நீங்க நேர்மையான ஆள்" என்றார் மாமா. "எண்டாலும், ஒண்ட ஒளிச்சி வச்சிரிப்பீங்களோ எண்டு ஒரு ஆசயில வந்தன்."

அந்த மனிதர் எங்களுக்கு முன்னாலேயே அழுதுவிட்டார். மாமா அழவில்லை. திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவரும் இப்போது இல்லை.

அதன் பிறகு மகளுக்கு அவளுடைய உம்மாவின் முகத்தைச் சொல்லுவது என் பொறுப்பாயிற்று. நெற்றி இப்படி, மூக்கு இப்படி என்று சொல்லுவேன். வியர்வை துடைத்த கை அல்லவா, மறக்குமா என்ற தைரியம். கொஞ்ச நாளாகப் பயமாக இருக்கிறது. கண்ணை மூடி மிஸ்ரியாவை நினைத்தால் வருவது மகளின் முகம். பிள்ளை வளர வளர, தாய் என்னிடமிருந்து அழிந்துகொண்டே வந்திருக்கிறாள்.

போன முறை அவள் கேட்டபோது, அவளையே பார்த்துப் பார்த்துத்தான் சொன்னேன்.

"அப்ப உம்மா அப்படியே என்னப் போலயா மாமி?" என்று சந்தோசப்பட்டாள்.

"ஓம் மகள்" என்றேன்.