மீராசாஹிப் நானாவும் நாலு அம்பியரும்

காத்தான்குடியில் வாகன வயரிங் பார்க்கும் மீராசாஹிப் நானா முப்பது வருடமாகப் பொய் சொன்னதில்லை. பற்றரி செத்தால் செத்தது என்பார். லொறிக்காரரின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை குறைக்க மாட்டார். மனைவி பஹீமாவின் கறியையும் இப்படியே மதிப்பிடுவதால் பகல் சாப்பாடு பெரும்பாலும் கடையில்தான்.

அந்த மனிதரே போன மாசம் தடுமாறினார், உதயரூபனின் பஸ்ஸுக்குள்.

வெல்லாவெளியிலிருந்து காலை ஐந்தரைக்கு மட்டக்களப்புக்கு ஓடும் பஸ் அது. இரண்டு காலை ஸ்டார்ட் வராமல் நேரம் தவறிவிட்டது. மூன்றாவது தரமும் தவறினால் ஐந்தரையை வேறு பஸ்ஸுக்குக் கொடுப்போம் என்று பஸ் உரிமையாளர் சங்கம் சொல்லியிருந்தது.

"பற்றரி புதுசு நானா!" என்றார் உதயரூபன்.

நானா சாவியை எடுக்கச் சொன்னார். பற்றரி வயர் ஒன்றைக் கழற்றி இடையில் மீற்றரைக் கொடுத்தார். வண்டி தூங்குகிறது, முள்ளோ நாலு அம்பியரில் நிற்கிறது. எதுவோ இரவிரவாகக் கரண்டைக் குடிக்கிறது. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். குடிப்பது அம்ப்ளிபயர் இல்லை. டீவீ இல்லை. ஆறு ஹோனும் சுத்தம். கடைசிப் பியூஸைப் பிடுங்க முள் விழுந்தது. முன்கண்ணாடிக்கு மேலே பிள்ளையாரின் சோடனை பல்புகள் அணைந்தன, தலைக்குப் பின்னால் சுழன்ற ஒளிச்சக்கரமும் நின்றது.

நானா பதறிப்போய்ப் பியூஸைத் திரும்பச் செருகினார்.

"பிடிபட்டுதா நானா?"

"ஹோன் ரெண்டைக் கழற்றிப் பாப்பமா தம்பி?"

முதல் பொய். அதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, கண் பிள்ளையாரிடமே போனது.

"மேல பாக்காமச் சொல்லுங்க நானா."

"நான் என்னத்தச் சொல்ல? மீராசாஹிப் பிள்ளையார இருட்டில வெச்சிட்டான் எண்டு நாளைக்கு ஊர் சிரிக்கும்."

உதயரூபனும் மேலே பார்த்தார். "அணையக் கூடா எண்டுதான் சாவியில மாட்டாம நேர பற்றரில குடுத்த."

நானா தாடியைச் சொறிந்தார். "உங்கட கோயில்ல இரவில நடை சாத்துறல்லியா?"

"சாத்துவம்."

"பிறகு பஸ்ஸில மட்டும் ஏன் அவருக்கு ஓவர்டைம்?"

உதயரூபன் பிள்ளையாரைப் பார்த்தார், சங்கத்தை நினைத்தார். "சாவியிலயே மாட்டுங்க" என்றார், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

மறுநாள் காலை சாவியைத் திருகினார். பிள்ளையார் பளிச்சென்று எழும்பினார், எஞ்சின் ஒரே உறுமலில் பிடித்தது, பஸ் ஐந்தரைக்கே கிளம்பிப் போய்விட்டது. முந்தின இரண்டு நாள் பழக்கத்தில், தள்ளுவதற்கென்று பின்பக்கம் கைவைத்து நின்ற நாலு பயணிகள்தான் சந்தியில் மிச்சம்.