பிள்ளை தூங்காத ரோடு

என் மகனுக்கு அப்போது பதினொரு மாதம். பின்னால் நின்று கூப்பிட்டால் சில நாள் திரும்புவான், சில நாள் திரும்ப மாட்டான். அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கோவில்பட்டியில் காட்டியபோது, காது கேட்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்துவிடலாம் என்றார் மருத்துவர். கருவியோடு மதுரையிலிருந்து ஒருவர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் வருவார். மதியம் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளை அசந்து தூங்கினால்தான் பார்க்க முடியும். ஆகையால் விடியுமுன் எழுப்பிவிட வேண்டும், வழியில் கண்ணயர விடக் கூடாது, அங்கே வந்து பால் கொடுத்துத் தூங்கவைக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பரீட்சைக்குப் படிப்பதுபோல் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எங்கள் ஊர் கயத்தாறுக்குப் பக்கம். நாற்கரச் சாலையில் ஏறினால் அரை மணி நேரத்தில் கோவில்பட்டி. ஆனால் அந்தச் சாலையில் கார் அலுங்காது. ஏறிய ஐந்தாவது நிமிடம் இவன் தூங்கிவிடுவான். அதனால் நான்தான் சொன்னேன், உள் ரோட்டில் போவோம் என்று. கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அதன்மேல் போட்ட தார் அலையலையாக ஏறி இறங்கிக் கிடக்கும். வேகம் நாற்பதைத் தாண்டினால் தலை காரின் கூரையில் முட்டும். குலுங்கட்டும், பிள்ளை விழித்திருப்பான். கல்லூரியில் இயற்பியல் படித்தவள் போட்ட திட்டம் இது.

"ஏட்டி, அந்த ரோட்டுல எத்தன மணிக்குப் போய்ச் சேர?" என்றார் கணவர்.

"எட்டரைக்குக் கிளம்புனா பத்து மணிக்குப் போயிரலாம்."

"டயர்ல காத்துக் கம்மி. பின்னால அம்மா ஒரு மூட அரிசி வேற ஏத்தியிருக்கா. எதிர்காத்து வேற."

அவருக்கு வண்டி மெதுவாகப் போவதற்கு எப்போதும் மூன்று காரணங்கள் இருக்கும். அன்று நான்காவது ஒன்று இருந்தது. அது இருவருக்குமே தோன்றவில்லை. மாசி மாதம் உளுந்து அறுப்புக் காலம்.

முதல் ஊரைத் தாண்டியதுமே ரோடு காணாமல் போயிற்று. ஓரங்களில் கல் அடுக்கி, நடுவில் முழங்கால் உயரத்துக்கு உளுந்தங்கொடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்து மணியை உதிர்த்துக் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் தார் ரோடுதான் களம். இவர் ஓரமாக ஒதுங்கப் பார்த்தார். கையில் குச்சியோடு ஒரு அம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"ஓரமாப் போகாதீய அண்ணாச்சி! நடுவுல ஏத்துங்க. அங்கனதான் காய் பூராவும் ஒடையாமக் கெடக்கு."

"அவசரமாப் போறோம், ஆசுபத்திரிக்கு," என்றேன்.

"போங்க தாயி, யாரு புடிச்சா? பையப் போனாப் போதும். வேகமாப் போனா பருப்பு ஒடைஞ்சிரும்லா."

வேகம் பத்துக்கு இறங்கியது. கொடிமேல் சக்கரத்துக்குப் பிடிப்பில்லை. கார் வழுக்கி வழுக்கி, மெத்தைமேல் நடப்பதுபோல் போனது. ஒரு குலுக்கல் இல்லை. மடியில் பார்த்தால் இவன் கண் சொருகுகிறது. உள்ளங்காலைச் சுரண்டினேன், கைதட்டினேன். நாற்கரச் சாலையில்கூட இவ்வளவு சுகமாகத் தூங்கியிருக்க மாட்டான்.

அப்போது பின்னாலிருந்து அந்த அம்மாள், "அண்ணாச்சி, ஒருக்கா பின்னால வந்துட்டுப் போங்களேன்!" என்று கத்தினாள். இவர் கியரை மாற்றினார்.

"என்ன செய்யுதீங்க?"

"நம்ம வீட்டு உளுந்தும் இப்படித்தானட்டி ரோட்டுல கெடக்கு. கேட்டா எப்படி முடியாதுன்னு சொல்ல?"

பின்னால் போய், முன்னால் வந்தோம். அடுத்து அரை மைல் தள்ளி இன்னொரு களம். அதைத் தாண்டியதும் இறங்கி, அடியில் சுற்றிக்கொண்ட கொடியைப் படுத்துப் பிய்த்தார். சைலன்சர் சூட்டில் தீப்பிடித்துவிடுமாம். நான் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிள்ளையின் முகத்தைத் துடைத்து எழுப்பினேன். அலறினான். காதுக்குச் சோதனை என்று சொல்லிப் பிள்ளையை அழவைக்கிற தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று தோன்றியது.

அப்படியே இன்னும் நாலைந்து களம் தாண்டிப் போய்ச் சேரும்போது பதினொன்றே கால். வழியில் தூங்கிய தூக்கம் போதும் என்று இவன் முடிவு செய்துவிட்டான். பால் குடித்தான், சிரித்தான், என் தாலிச்சங்கிலியை இழுத்தான். எங்களுக்குப் பின்னால் வந்த நான்கு பிள்ளைகள் தூங்கி, பார்த்து முடித்துப் போனார்கள். கருவிக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். இவன் அவருக்குக் கையாட்டுவான். இன்று முடியாவிட்டால் இன்னும் ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் பின்னால் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாற்கரச் சாலையிலேயே வந்து, வாசலில் எழுப்பியிருக்கலாமோ? நேற்றே வந்து தங்கியிருக்கலாமோ?

பன்னிரண்டரைக்கு என் கணவர் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததில், எப்படியோ தூங்கிவிட்டான். மூச்சுவிடாமல் தூக்கிப்போய்ப் படுக்கவைத்தோம். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர்களை ஒட்டினார்கள். திரையில் கோடுகள் ஏறி இறங்கின. நான் கோட்டைப் பார்க்கவில்லை. கருவிக்காரர் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டு காதும் நல்லாக் கேக்குதும்மா," என்றார் கடைசியில்.

"வலது காதை மட்டும் இன்னொரு தடவை பாருங்க சார்," என்றேன்.

அவர் வயரைச் சுருட்டிக்கொண்டே, "அம்மா, நான் பஸ்ஸப் பிடிக்கணும்," என்றார்.