பின்னிருக்கையில் மூன்று பேர்

பினாங்கில் என் காலைப்பொழுது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய காரைத் தள்ளுவதில்தான் தொடங்குகிறது. டத்தோ கிராமாட்டில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் வீடுகளைவிடக் கார்கள் அதிகம். இடம் கிடைக்காதவர்கள் நம் காருக்குக் குறுக்கே நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கையும் எடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர் அதைத் தள்ளிவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். புதுக்கோட்டையில் அடுத்தவர் வண்டியில் சாய்ந்து நின்றாலே சண்டை வரும். இங்கே முன்பின் தெரியாதவரின் காரில் இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளினால், மேல்மாடியிலிருந்து சொந்தக்காரர் கையசைத்து நன்றி சொல்கிறார். ஆறு வருடங்களில் எனக்கும் பழகிவிட்டது.

அன்றைக்கு என்னோடு சேர்ந்து தள்ளியவர் கீழ்வீட்டு மோகன் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். தள்ளி முடித்ததும் என் பழைய சின்னக் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, மூணாவது வரப் போகுது. இந்தக் காடி பத்தாதுலா."

இங்குள்ளவர்கள் காரைக் காடி என்கிறார்கள். எங்கள் ஊரில் காடி என்றால் புளித்த கஞ்சித்தண்ணீர். வந்த புதிதில் ஒருவர், "காடி வேணுமா, என்கிட்ட ஒண்ணு சும்மா கிடக்கு" என்றபோது, வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மோகன் அண்ணன் சொன்னது சரிதான். என் மனைவி மங்கைக்கு அப்போது ஏழாவது மாதம். மூத்தவள் இனியாவுக்கு ஏழு வயது, கவினுக்கு மூன்று. நான் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பொறியாளன். தினமும் தீவிலிருந்து கடல்பாலம் கடந்து போய் வருவதற்கு அந்தச் சின்னக் கார் போதுமானதாக இருந்தது. ஆனால் மங்கை அதில் ஏறி இறங்க, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பெருமழை பெய்தால் தெருவில் தேங்கும் தண்ணீர் கதவு விளிம்புவரை வந்துவிடும். ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டியை எடு என்றார் மோகன் அண்ணன். எங்களுக்கு ஒதுக்கிய இடமோ இரண்டு தூண்களுக்கு நடுவே இருக்கிறது. பெரிய வண்டியை உள்ளே விட்டால் கதவைத் திறக்க முடியாது. கடைசியில் சின்ன எஸ்யூவி ஒன்று பார்ப்பது என்று முடிவானது.

முதல் தடவை ஷோரூமுக்கு நானும் மங்கையும்தான் போனோம். ஏமி என்ற சீனப் பெண் எங்களைக் கவனித்துக்கொண்டார். கடல்நீல வண்டி ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் பளபளத்தது. மங்கை குனியாமல், எக்காமல், நாற்காலியில் உட்காருவதுபோல் அதில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு வண்டி பார்க்கத் தோன்றவில்லை.

"பின்னால் குழந்தைகளுக்கான சீட் மூன்று வைக்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"கேன், கேன் லா," என்றார் ஏமி.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மோகன் அண்ணன் சிரித்தார். "ஒரு கேன்னா முடியும். ரெண்டு கேன்னா பாக்கலாம்னு அர்த்தம் தம்பி. சீட்டைத் தூக்கிட்டுப் போய் வச்சுப் பாருங்க. நான் பெட்டி ஏத்துறவன், வாய்க்கணக்கு ஆகாது."

பின்னிருக்கையில் எத்தனை பேர் உட்காரலாம் என்ற கேள்வியை நான் வளர்ந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குத் திருச்சிக்குப் போன வாடகை அம்பாசடரில் பதினொரு பேர் இருந்தோம். ஒவ்வொருவர் ஏறும்போதும், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்ற ஒரே வாக்கியத்தில் இடம் பிறந்துகொண்டே இருந்தது. நான் கியருக்குப் பக்கத்தில், டிரைவரின் முழங்கை இடிக்கும்படி உட்கார்ந்திருந்தேன். கீரனூர் தாண்டி ஒரு திடீர் பிரேக்கில் என் நெற்றி முன்பலகையில் மோதியது. தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தப் பயணத்தைச் சொல்லிச் சொல்லி நாங்கள் இன்றும் சிரிக்கிறோம். ஆனால் என் பிள்ளைகளை அப்படி ஏற்றிக்கொண்டு போக எனக்குத் துணிச்சல் இல்லை. இங்கே ஒவ்வொரு உடலுக்கும் ஓர் இடம், ஒரு வார், ஒரு கொக்கி. அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் இங்கே யாரும் தள்ளி உட்கார்ந்து இன்னொருவருக்கு இடம் தர முடியாது என்பது அடுத்த சனிக்கிழமைதான் உறைத்தது.

மூன்று சீட்டுகளையும் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு போனோம். மோகன் அண்ணனும் வந்தார். கைக்குழந்தைக்கென நண்பர் ஒருவர் கொடுத்திருந்த சீட்டை ஒரு கதவோரம் வைத்தோம். மறு கதவோரம் கவினுடையது. இனியாவின் உயரமான சீட்டை நடுவில் இறக்கினால், அது இரண்டுக்கும் நடுவே அந்தரத்தில் நின்றது. ஓரத்துக்கு மாற்றினால் கதவு சாத்தவில்லை. மோகன் அண்ணன் சாணால் அளந்தார், தலையாட்டினார், மறுபடியும் அளந்தார். நான் வியர்த்து நின்றேன். நாங்கள் ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து வைத்தது இனியாவின் சீட்டைத்தான் என்பதை நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருக்கிறாள்.

"அப்பா, பாப்பா வந்ததும் நான் புதுக்கோட்டைக்குப் போயிடுறேன். அப்ப ரெண்டு சீட்டு போதும்ல?"

அவள் அழவில்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோல் சொன்னாள். மங்கை கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பிரசவத்தின்போது இனியாவைக் கொஞ்ச நாள் புதுக்கோட்டையில் அவளுடைய சித்தி வீட்டில் விடலாமா என்று நாங்கள் ஒரு நாள் சமையலறையில் பேசிக்கொண்டது உண்மை. வேண்டாம் என்று அன்றைக்கே முடிவும் செய்தோம். குழந்தை முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எத்தனை நாளாக அதை மனதில் வைத்திருந்தாளோ.

எங்கள் முகங்களைப் பார்த்த ஏமி உள்ளே ஓடிப்போய்ப் பிஸ்கட் பொட்டலத்துடன் வந்தார். "ஷி ஹங்க்ரி ஆ?" என்றார். பசியில்லை என்று சொல்லி, இனியா சொன்னதை நான் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் விளக்கினேன். ஏமி பிஸ்கட்டை இனியாவின் கையிலேயே கொடுத்துவிட்டு அவள் உயரத்துக்குக் குந்தினார். வீட்டில் ஐந்து பிள்ளைகளில் தான் நடுவில் பிறந்தவள் என்றும், நடு இருக்கை எப்போதும் தனக்குத்தான் என்றும் சொன்னார். "நடுவில் உட்கார்ந்தால்தான் முன்னால் ரோடு முழுக்கத் தெரியும்." பிறகு என்னைப் பார்த்து, "இந்த வண்டி கேனாட்," என்றார். கேனாட் என்றால் முடியாது. இரண்டு சந்திப்பிலும் அவரிடமிருந்து கேட்ட முதல் 'முடியாது'. எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

மூலையில் சாம்பல் நிற வண்டி ஒன்று நின்றது. பெட்டிபோல் சதுரமாக, யாரும் திரும்பிப் பார்க்காத வண்டி. ஏமி செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பின்னிருக்கையில் முட்டி போட்டு ஏறினார். இருக்கை மேடுபள்ளம் இல்லாமல் அகலமாக இருந்தது. இனியாவின் பெரிய சீட்டுக்குப் பதில், முதுகில்லாத சின்ன மணை மாதிரியான சீட் ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பிறகு மற்ற இரண்டையும் கதவோரங்களில் இறக்கினோம். இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி. மோகன் அண்ணன் வெளியிலிருந்து, "அப்படியே, அப்படியே, போதும்!" என்று கிரேன்காரரின் கைச்சைகை காட்டினார்.

இனியா ஏறி உட்கார்ந்தாள். கொக்கி கவினின் சீட்டுக்கடியில் ஒளிந்திருந்தது. நான் கையை நீட்டினேன். "நானே போடுறேன்," என்றாள். இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை 'டிக்' என்று விழுந்தது. மங்கை மறுபக்கம் வந்து அவள் முகத்தோடு முகம் வைத்து, "இது உன் எடம். பாப்பாவுக்குக்கூட அப்புறம்தான் எடம் பாத்தோம்," என்றாள். இனியா பிஸ்கட்டைப் பிட்டு அம்மாவுக்குக் கொடுத்தாள்.

"இது அழகாயில்லலா தம்பி," என்றார் மோகன் அண்ணன் என் காதருகில்.

"இருக்கட்டும் அண்ணே."

சாம்பல் வண்டியையே எடுத்தோம். இரண்டு மாதம் கழித்து, மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் குழந்தையை அதில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வழியெல்லாம் இனியா நடுவிலிருந்து அறிவிப்பு செய்துகொண்டே வந்தாள்: பாப்பா தூங்குறா, பாப்பா கொட்டாவி விடுறா, கவின் பாப்பா காலைத் தொடுறான், சிவப்பு லைட்டுப்பா. நான் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்த வண்டிக்காரர் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையிலிருந்து என் தம்பி கூப்பிட்டான். வீடியோவில் புது வண்டியைச் சுற்றிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்ப உன் பைக்கை வித்துடவாண்ணே?" என்று கேட்டான். நான் புறப்பட்டு வரும்போது அம்மா வீட்டு நடையில் நிறுத்திவிட்டு வந்த பைக். பேட்டரி செத்துவிடக் கூடாதென்று, வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பானாம். எங்கேயும் எடுத்துக்கொண்டு போவதில்லை. நின்ற இடத்திலேயே ஓடவிட்டு நிறுத்துவான். இத்தனை வருடமாக எனக்கு இது தெரியாது.

"விக்க வேணாம். இப்ப ஸ்டார்ட் பண்ணு, கேக்கலாம்," என்றேன்.

அவன் போனை சீட்டின்மேல் வைத்துவிட்டு உதைத்தான். கீழே இறங்கி வந்த மங்கை, வெளியே போகலாம் என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் சாம்பல் வண்டியைக் கிளப்பிவிட்டு, போனைக் காதோடு வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு காதில் இந்த வண்டியின் சத்தம். மறுகாதில், எங்கேயும் போகாமல் நின்றபடியே ஓடிக்கொண்டிருந்தது என் பைக்.