யார் அத்து மீறியது?

ஜமுனாமரத்தூரில் ஒரு இ-சேவை மையத்தில் எனக்கு வேலை. சொந்த ஊர் மலைக்குக் கீழே, ஆலங்காயம். மாணிக்கம்மாள் எனக்குப் பழக்கமானது பட்டா நகலால்தான். வருடத்துக்கு ஒருமுறை வந்து நகல் எடுத்துக்கொண்டு போவார். போன வருடம் எடுத்தது என்னவாயிற்று என்று கேட்டால், "அதுவும் கீது. இதுவும் இருக்கட்டும்" என்பார்.

நாற்பத்தெட்டு வயது. பத்தொன்பதில் சடையனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஒன்றரை ஏக்கர் நிலம். சரிவில் சாமை, ஓடைக்கு இந்தப் பக்கம் ஆறு புளியமரம். மரமேறி உலுக்குவது சடையன். பொறுக்கி, ஓடு உடைத்து, கொட்டை நீக்கி, வாணியம்பாடி வியாபாரியிடம் பேசி விற்பது மாணிக்கம்மாள். சடையன் யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அந்தக் குடும்பம் போடவேண்டிய சத்தம் முழுவதையும் மாணிக்கம்மாளே போட்டுவந்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஓடைக்கு அந்தப் பக்க நிலத்தை வெளியூர்க்காரர்கள் வாங்கி சுற்றுலா விடுதி கட்டினார்கள். முதல் வருடம் கம்பிவேலி அந்தக் கரையிலேயே இருந்தது. மழையில் சாய்ந்துவிட்டது என்று மறுவருடம் இந்தக் கரையில் நட்டார்கள். அடுத்த மழைக்குப் பிறகு இன்னும் பத்தடி உள்ளே வந்தது. ஆறில் மூன்று மரம் வேலிக்குள் போய்விட்டது. மாணிக்கம்மாள் விடுதி மேலாளர் பிரகாஷிடம் போய்க் கேட்டார். "அளந்துதான் போட்டிருக்கோம்மா. சந்தேகம்னா ஓனர்கிட்ட பேசிக்கோங்க" என்றார். ஓனர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே இவருக்குத் தெரியாது.

விடுதிக்கு வந்தவர்களுக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை. கதிர் முற்றிய சாமைக்குள் இறங்கிப் படம் எடுத்தார்கள். ஒருநாள் மாணிக்கம்மாள் விறகோடு திரும்பியபோது, கதவு திறந்திருந்த வீட்டுக்குள் ஒரு பெண் செருப்புக் காலோடு நின்று, உலைப்பானையின் மூடியைத் தூக்கிப் பிடித்து செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். யார் நீ என்று கேட்டதற்கு, "சும்மா வீடியோதான் ஆன்ட்டி, நீங்களும் ஒரு ஹாய் சொல்லுங்க" என்றாளாம். இதைச் சொல்லும்போதெல்லாம் மாணிக்கம்மாளின் கழுத்து நரம்பு புடைக்கும்.

இந்த வருடம் மாசியில் புளி பழுத்தது. கூடையை எடுத்துக்கொண்டு கம்பிக்கு அடியில் நுழைந்து, தன் மரத்தடியில் உதிர்ந்ததைப் பொறுக்கினார். பிரகாஷ் அதைப் படம் பிடித்தார். மூன்றாம் நாள், விசாரணைக்கு வரச்சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. கூடவே விடுதி கொடுத்த புகாரின் நகல். இரண்டு பக்கமும் ஆங்கிலம்.

அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "இன்னா எழுதிக்கிறான், படி."

படித்தேன். 'டிரெஸ்பாஸ்' என்ற சொல் ஐந்து இடத்தில் இருந்தது.

"அப்படின்னா?"

"அனுமதியில்லாம அடுத்தவங்க இடத்துக்குள்ள போறதுங்க. அத்துமீறி நுழையறது."

புகார் நகலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "அத்து எதுன்னு யாரு சொன்னது? அவன் நட்ட கம்பியா?" என்றார். "செரி, வருசத்துக்குப் பத்தடி நவுந்து வந்தானே, அதுக்கு இங்கிலீசுல பேரு இல்லியா?"

"இருக்குதுங்க. என்க்ரோச்மென்ட். கொஞ்சம் கொஞ்சமா உள்ள வந்து எடுத்துக்கிறது. ஆக்கிரமிப்பு."

"என் பானைய தொறந்தாளே?"

"அதுக்கு இன்ட்ரூட்னு சொல்லுவாங்க. வேணாங்கிற எடத்துல வந்து நொழையறது. வூட்டுக்குள்ளயே வந்ததால அதுவும் டிரெஸ்பாஸ்தான்."

"இத்தினி வார்த்தை இருந்தும் ஒண்ணகூட அவங்க மேல போடல. நான் நாலு எட்டு வெச்சதுக்கு மட்டும் அஞ்சு வாட்டி எழுதிக்கிறான்!" மேசையில் ஓங்கி அடித்தார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எழுது. மூணையும் அவன் மேல எழுது. இங்கிலீசுலயே எழுது, அப்பத்தான் அவனுக்கு ஒறைக்கும்."

ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று எழுதினேன். பட்டா நகலையும் சேர்த்தோம். நிலத்தை அளக்கச் சொல்லி அங்கேயே விண்ணப்பமும் போட்டோம்.

விசாரணைக்கு நானும் துணைக்குப் போனேன். வழியெல்லாம் சடையன் கெஞ்சினார். "பெரிய எடம்மே. மன்னிப்பு கேட்டுட்டு வந்துடலாம்."

"இன்னாத்துக்குய்யா? நம்ப மரத்துக்கிட்ட நாம போனதுக்கா?"

காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் மனுவைப் படித்துவிட்டு, அளந்த பிறகு பேசலாம் என்றார். பிரகாஷ் செல்போனில் இருந்த படத்தை நீட்டினார். மாணிக்கம்மாள் எட்டிப் பார்த்தார். "நல்லா புடிச்சிக்கிறீங்க சார். அந்த மரத்த எங்க மாமனாரு நட்டாரு. அதையும் கீழ எழுதுங்க" என்றார்.

பங்குனி நடுவில் சர்வேயர் ரேணுகாதேவி வந்தார். முட்செடிகளை வெட்டச்சொல்லிப் பழைய அளவுக்கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து அளந்தார். மூன்று மரமும் மாணிக்கம்மாள் நிலத்தில்தான் இருந்தன. வேலி இருபத்திரண்டு அடி உள்ளே வந்திருந்தது. பத்து நாளில் கம்பியை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது. அகற்றினார்கள். நட்ட கல்தூண்களின் குழிகளை மூடாமலே போனார்கள். அதையும் சடையன்தான் மண் தள்ளி மூடினார்.

கடைசியில் பிரகாஷ் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். இரு தரப்பிலும் தவறு நடந்துவிட்டது, சமாதானமாகப் போகிறோம் என்று எழுதியிருந்தது. வாசலில் நிற்கவைத்தே படிக்கச்சொல்லிக் கேட்டார் மாணிக்கம்மாள்.

"ரெண்டு தரப்புலயா? என் தரப்பு தப்பு இன்னான்னு சொல்லு, போட்டுடறேன் கையெழுத்து."

பிரகாஷ் காகிதத்தை மடித்துக்கொண்டார். கையெழுத்து வாங்காமலே போனார். பிறகு விடுதியே புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒருவரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

அதற்குள் அந்த மூன்று மரத்துப் புளியில் பாதியைக் குரங்கு தின்றிருந்தது. உதிர்ந்தது விடுதிக்கு வந்தவர்கள் காலடியில் நசுங்கிக் கிடந்தது. மரத்தில் மிச்சம் தொங்கியதைச் சடையன் உலுக்க, மாணிக்கம்மாள் அவர்களைத் திட்டிக்கொண்டே பொறுக்கினார். திட்டியது ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் திட்டினார்.